இரண்டு முள் பச்சை

ஜனவரி 6, திங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு நண்டு என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. நல்ல சகுனம்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த நண்டுப் பண்ணை. தாய் நண்டுகளை வாங்கி, முட்டை பொரிக்கவைத்து, குஞ்சுகளை விற்கிறார்கள். பத்து வருஷம் இறால் தீவன மூட்டைகளை விற்றுக்கொண்டு பைக்கில் அலைந்தவனுக்கு, படித்த விலங்கியலைக் கடைசியில் தொட ஒரு வாய்ப்பு. பழைய வேலையில் என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். சீர்காழிக்கு வீடு மாற்றி, மகள் மதியை இரண்டாம் வகுப்பில் பாதியிலேயே புதிய பள்ளியில் சேர்த்தாயிற்று. ஆகவே திரும்பிப் போக வழியில்லை.

பண்ணையை நடத்தும் ஷகிலா பானு மேடம் பரங்கிப்பேட்டைக்காரர். வாழ்நாளில் பாதியை நண்டுகளோடு கழித்தவர். மூன்று மாதம் பயிற்சி, மார்ச் கடைசியில் தேர்வு. முகத்துவாரத்திலும் கரையிலும் கிடைக்கிற நண்டு, இறால் எதை எடுத்துக் காட்டினாலும் பெயர் சொல்லவேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வணக்கம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

இந்த வாரக் கணக்கு மோசமில்லை. குழியிலிருந்து எட்டிப் பார்த்து ஓடும் பேய் நண்டு, சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, முதுகில் மூன்று புள்ளி உள்ளது, சிலுவை உள்ளது, அலை பின்வாங்கும்போது மணலில் புதைந்துகொள்ளும் குட்டிப் பூச்சி நண்டு எல்லாம் அத்துப்படி. தோணியின் அடியில் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும் கொட்டலசும் இறால் நண்டு வம்சம்தான் என்பது மறந்துபோயிருந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள பிடில் நண்டின் பெட்டைக்கு இரண்டும் சிறியது. அதை வேறொரு இனம் என்று எழுதிவைத்தேன். மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

தகராறு சேற்று நண்டில்தான். பச்சை, சிவப்பு என்று இரண்டு இனம். பச்சை பெரிதாக வளரும், எங்களுக்கு வேண்டியது அதுதான். சிவப்பு சிறியது, சண்டைக்காரன். கொடுக்கைப் பார்த்தாலே தெரியும் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே சேறாகத்தான் தெரிகிறது. கழுவாமல் கொண்டுவந்து கொட்டினால் யாருக்குத் தெரியும்?

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தேன்மொழி வாசலில் கோலம் போட்டாள். கலர்ப்பொடி டப்பா எடுத்துத் தரச்சொன்னாள். எடுத்து நீட்டினேன். "அது வேணாம், நகருங்க அத்தான்" என்று அவளே போய் எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி எட்டு வருஷமாக இதே கதைதான். தக்காளி வாங்க விடமாட்டாள், போட்டுக்கொள்ளும் சட்டையைக்கூட அவள்தான் எடுத்துவைப்பாள். மாமன் மகளைக் கட்டினால் மரியாதை இருக்காது என்று நண்பர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

ஒரு கூடை நண்டைப் பிரிக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டுப் பிரித்திருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும்.

என்னோடு சேர்ந்த ஆல்வின் தூத்துக்குடிப் பையன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். பாட்டுக் கேட்டுக்கொண்டே பிரிக்கிறான். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படி என்று கேட்டால், "கலரப் பாருங்கண்ணே, அவ்ளோதான்" என்கிறான். பார்க்காமல் நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா நிற்கிறேன்?

கொட்டகையின் விளக்குதான் காரணம். மஞ்சள் பல்பில் எதுவும் தெரியாது. நாளை நல்ல வெள்ளை டார்ச் ஒன்று வாங்கவேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

டார்ச் வாங்கினேன். வீண்.

ஜனவரி 29, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

பச்சைத் தாய் நண்டுகள் இருக்கும் தொட்டியில் நேற்று நான் விட்ட நண்டுகளில் ஒன்று சிவப்பாம். அது, சினையோடு இருந்த ஒரு தாயை மூலையில் மடக்கி, வயிற்றுச் சினையைப் பிய்த்துப் போட்டிருக்கிறது. தாயும் பிழைக்கவில்லை. லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கவேண்டிய தாய்.

மேடம் சத்தம் போடவில்லை. செத்த நண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, "அறிவழகன், படிப்புல குறை இல்ல. கவனம் இல்ல" என்றார்.

கவனம் இல்ல. இந்த இரண்டு வார்த்தையை எத்தனை பேர் வாயில் கேட்டாயிற்று! பள்ளியில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது வாத்தியார் சொன்னார். அப்பா சொல்லிச் சொல்லியே அடித்தார். தீவனக் கம்பெனியில் மூட்டை லேபிள் மாறியபோது மேனேஜர் சொன்னார். நான் கவனிக்கிறேன். யாரையும்விட அதிகமாகக் கவனிக்கிறேன். கண் எரிய எரியக் கவனிக்கிறேன். அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

பிப்ரவரி 4, செவ்வாய்

புத்தகத்தில் உள்ள வர்ணனை முழுவதும் மனப்பாடம். "கொடுக்கின் வெளிப்புறம் செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரை." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். நண்டைக் கையில் கொடுத்தால் திருதிரு.

தேன்மொழியிடம் சொன்னேன். படிக்கிற காலத்திலேயே நான் ஒழுங்காகப் படித்திருக்கவேண்டும் என்கிறாள். ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மதி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டாயிற்று. நடந்தபடியே எழுதுகிறேன்.

நண்டு வந்ததும் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டுவது வழக்கம். ஆல்வின் ஒரு யோசனை சொன்னான். அவன் பிரித்து, பச்சை நண்டுக்கு ஒரு கயிறும் சிவப்பு நண்டுக்கு வேறொரு கயிறும் கட்டிவிடுவான். நான் கயிற்றைப் பார்த்துப் பார்த்து நண்டின் வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளலாம். நல்ல பிள்ளை என்று மனதுக்குள் பாராட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து கூடையைத் திறந்தால், எல்லா நண்டுக்கும் ஒரே கயிறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பயல் என்னைத் தேர்வில் கவிழ்க்கப் பார்க்கிறான், ஆளைவைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். கூடையை எட்டி உதைத்தேன். சட்டையைப் பிடித்தேன். என்னென்னவோ சொன்னேன், அவன் வீட்டாரையும் சேர்த்து. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள்.

ஆல்வின் பதிலுக்குக் கையை ஓங்கவில்லை. கீழே கிடந்த இரண்டு நண்டைத் தூக்கிக் காட்டினான்.

"என்னண்ணே சொல்லுதீங்க? இது செவப்புக் கயிறு, இது பச்சக் கயிறு. நான் சொன்ன மாதிரிதான கெட்டிருக்கேன்?"

"ரெண்டும் ஒரே கயிறுதானடா" என்றேன்.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நண்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். பிறகு எல்லோரையும் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மேஜையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இத்தன வருஷத்துல உங்ககிட்ட யாருமே சொல்லலையா, அறிவழகன்?" என்றார்.

என்ன சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு. ஆல்வினுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சாப்பிட்டீர்களா என்று கேட்டான்.

பிப்ரவரி 15, சனி

சிதம்பரத்தில் கண் டாக்டர். புள்ளிப் புள்ளியாக வட்டங்கள். உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். சில பக்கங்களில் ஒன்றும் தெரியவில்லை. கூடவந்த தேன்மொழி பின்னாலிருந்து "அத்தான், எழுபத்துநாலு" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அவளை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிந்து தெரியாதாம். பிறவியாம், மருந்து கிடையாதாம். வண்டி ஓட்டலாம், வாழலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று தோளைத் தட்டினார்.

வெளியே பெஞ்சில் தேன்மொழி அழுதுகொண்டிருந்தாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது அவள்தானாம். பழுத்த மிளகாயைக் காட்டிக் கொடுத்ததும், பின்னால் உட்கார்ந்து சிக்னல் விழுந்ததைச் சொன்னதும் அவள்தானாம். ஆம்பிளைகளே இப்படித்தான், எதையும் பார்த்துச் செய்யமாட்டார்கள் என்று நினைத்திருந்தாளாம். கல்யாணமாகி வந்தபிறகு, கேட்காமலே எனக்கும் செய்துவிட்டாள். அவள் இருந்த இடத்திலெல்லாம் என் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமாவைப் பார்க்கக் குத்தாலம் போனேன். தனியாகத்தான் போனேன், தேன்மொழி இருந்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

சந்திரகாசு மாமா ரயில்வேயில் டிரைவர் வேலைக்குப் போய் மெடிக்கலில் தோற்றவர். நெஞ்சளவு பற்றவில்லை என்று குடும்பம் முழுக்க இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருக்கிறது. நான் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நெஞ்சளவு இல்லை, கண்தான் என்று ஒப்புக்கொண்டார். அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, குருட்டுப் பயல் என்று பட்டப்பெயர்தான் மிஞ்சும் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்:

"பத்து வயசுல கொல்லையில மொளவாப் பழம் பறிச்சுட்டு வாடான்னா பச்சையும் பழமுமா அள்ளிட்டு வந்த. உங்கப்பன் அடிச்சான். அப்பவே எனக்குத் தெரியும் மாப்ள, ஒனக்கும் நம்ம கண்ணுதான்னு. அதான் வேற எடம் பாக்காம தேனை ஒனக்குக் குடுத்தேன். அவளுக்குப் பழக்கம், பாத்துக்குவான்னு."

அப்பா அடித்தபோது தடுத்திருக்கலாம், இவனுக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்ணைக் கொடுத்திருக்கிறார். அதுவும் அன்பினால். கோபப்படவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. அத்தை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

பிப்ரவரி 17, திங்கள்

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் இதே கேள்வி வந்தது. நிறக்குருடு எப்படித் தலைமுறை தாண்டி வருகிறது, வரைபடத்துடன் விளக்குக. அழகாக வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினேன். என்னைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

இன்று மறுபடி வரைந்தேன். பாட்டியிடமிருந்து மாமாவுக்கும் அம்மாவுக்கும். அம்மாவிடமிருந்து எனக்கு. மாமாவிடமிருந்து தேன்மொழிக்கு, அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே சுமக்கிறாள். வெளியில் கட்டியிருந்தால் பெண் குழந்தைக்கு இது வருவது அபூர்வம். மாமன் மகளைக் கட்டியதால் மதிக்குப் பாதிக்குப் பாதி.

மாமா எனக்குத் துணையாக யாரை அனுப்பினாரோ, அவள் வழியாகவே இதுவும் வந்துசேர்ந்திருக்கலாம். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தேன்மொழியிடம் விளக்கினேன். மதியையும் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். முடியவே முடியாது என்கிறாள். பெண் பிள்ளை, பெயர் கெட்டுவிடும், நாளைக்கு யார் கட்டுவார்கள் என்கிறாள். மாமாவின் மகள்தானே. பேச்சு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மேடத்திடம் போய், தேர்வே வேண்டாம், நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் ஒரு பச்சையையும் ஒரு சிவப்பையும் என் முன்னால் வைத்து, புத்தகத்தைத் திறந்து, நிறம் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் அடித்தார். மிச்சம் இருப்பதைப் படிக்கச் சொன்னார்.

கொடுக்கின் மணிக்கட்டில் வெளிப்புறம் இரண்டு கூரான முள் இருந்தால் பச்சை. ஒன்று மட்டும், அதுவும் மழுங்கலாக இருந்தால் சிவப்பு. கண்ணுக்கு நடுவே நெற்றிப் பற்கள் உயர்ந்திருந்தால் பச்சை, தாழ்ந்து உருண்டிருந்தால் சிவப்பு. இதையும் நான் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் நிறத்தைப் பார் என்றதால் நானும் அதையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தத் தாய் நண்டு பிழைத்திருக்குமே என்று மேடத்திடமே கேட்டுவிட்டேன். "சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது?

மார்ச் 7, வெள்ளி

விரலெல்லாம் கீறல். முள்ளைத் தடவித் தடவி நுனிவிரல் மரத்துவிட்டது. ஆல்வின் ஒரு கூடை முடிக்கும் நேரத்தில் நான் கால் கூடை. ஆனால் தப்பு குறைந்துவிட்டது.

மதி வீட்டுப்பாடத்துக்கு வண்ணம் தீட்டும்போது பக்கத்தில் போய் நிற்கிறேன். நின்று என்ன பிரயோஜனம், சரியா தப்பா என்று எனக்கா தெரியும்? அவள் பென்சிலைத் தேடுவதற்குள் தேன்மொழி எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். கேட்டால், நான் வேண்டுமென்றா செய்கிறேன், கை தானாகப் போகிறது என்கிறாள். ஆக, எங்கள் பிள்ளைக்கு நிறம் தெரியுமா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மார்ச் 19, புதன்

மேடம் நோன்பு. தொண்டை வறண்டு குரல் கம்மியிருந்தும் ஒவ்வொரு நண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கு ஒடிந்து புதிதாக முளைத்த நண்டு ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். முள் பாதிதான் வளர்ந்திருந்தது. அப்படிப்பட்டதற்கு நெற்றியைப் பார் என்றார்.

மார்ச் 28, வெள்ளி

தேர்வு. ஒன்று மட்டும் தப்பு. வேலை நிரந்தரம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தேன்மொழி சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டாள். இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. பயந்ததெல்லாம் இந்த வேலைக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அது கிடைத்த பிறகும் பயம் போகவில்லை.

"ஞாயித்துக்கிழம மதியப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள் அவளாகவே. "டாக்டர் வேணாம். நீங்களே பாருங்க."

மார்ச் 30, ஞாயிறு

பண்ணையில் காவல்காரரைத் தவிர யாரும் இல்லை. கழுவி, கொடுக்கைக் கட்டிய நண்டுகளில் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைக் கயிறு. முள்ளைத் தடவி, எது எது என்று மனதில் வைத்துக்கொண்டேன். தேன்மொழியிடம் வாயையே திறக்காதே என்று சொல்லியிருந்தேன். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மதி, இதுல எது சிவப்பு?"

ஒரு விநாடிகூட ஆகவில்லை. இடதுபுறம் இருந்ததைக் காட்டினாள். குருட்டாம்போக்காகவும் இருக்கலாம் அல்லவா? வேறு இரண்டு வைத்தேன். சரி. இடம் மாற்றி வைத்தேன். சரி. இரண்டையும் பச்சையாகவே வைத்தேன். "ரெண்டுமே பச்சப்பா, ஏமாத்துற" என்றாள். கூடையே காலியாகிவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு ஆல்வின் பிரிப்பதைப்போலப் பிரித்தாள்.

தேன்மொழி தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். எனக்கும் மூச்சு வந்தது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும். மனதின் ஏதோ ஒரு மூலையில், இவளும் என்னைப்போல இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். நான் பார்க்கிற மாதிரி பார்க்க வீட்டில் ஒருத்தர் இருப்பார் என்று. பெற்ற பிள்ளைக்கு அப்படி நினைத்தவனை என்ன சொல்வது. வெட்கமாக இருக்கிறது.

மதிக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. இரண்டு நண்டை இழுத்து என் முன்னால் வைத்து, "இப்ப நீ சொல்லுப்பா, எது சிவப்பு?" என்றாள். நான் வழக்கம்போல முள்ளைத் தடவக் கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"தொடக்கூடாது. நான் தொட்டனா? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நண்டு. இரண்டும் ஒரே நிறம். பின்னால் தேன்மொழி மூச்சை இழுத்தது கேட்டது, சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது."

டாக்டர் சொன்னதாக இல்லாமல், எனக்குத் தெரியாது என்று நானாகவே ஒருவரிடம் சொன்னது முப்பத்துமூன்று வயதில் இதுதான் முதல் தடவை. மதி என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, ஒரு நண்டின் ஓட்டின்மேல் வைத்தாள்.

"இது சிவப்பு" என்றாள். "இனிமே என்னக் கேளு."

வீடு திரும்பும்வரை வாய் ஓயவில்லை. தன் செருப்பின் நிறம், என் சட்டையின் நிறம், எதிரே வந்த பஸ்ஸின் நிறம், வேலியில் கிடந்த புடவையின் நிறம். ஒருத்தி சொல்வதைக் கேட்கவே எட்டு வருஷமாக எரிச்சல்பட்டவன் நான். இனி இரண்டு பேர்.